பதினோரு பேரையும் சொன்ன ஸ்டெல்லா அக்கா

மக்களே, ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், நிறுத்தினால் எனக்குச் சொல்ல வராது: நம் ஸ்டெல்லா அக்கா புதன்கிழமை காலை போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் கட்டாயம் நடக்கிறது, மைக் பிடிக்கப் போகிறவர் மோசஸ் அண்ணன்!

கடைசி வரியைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து விழுந்தவர்கள் எழுந்து உட்காருங்கள். ஆமாம், மோசஸ் அண்ணன்தான். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற அதே மோசஸ் அண்ணன்.

செய்தி அவரிடமிருந்துதான் வந்தது. நான் மாதாப்பூரில் ஆபீஸில் இருந்தேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஒரு அமெரிக்கக்காரர் சாட்டில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். போனில் மோசஸ் அண்ணன் பெயரைப் பார்த்ததுமே சாட்டை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன். அவர் யாருக்கும் போன் செய்கிறவர் இல்லை.

"தம்பி, மைக் செட் தூக்க ஆள் வேணும். வரியா?"

"எங்கண்ணே ஃபங்ஷன்?"

"நம்ம வீட்லதான்."

அமெரிக்கக்காரரின் பிரிண்டர் அப்புறம் வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது.

இந்த பிளாக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டெல்லா அக்கா எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிரவுண்டில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்சுகளுக்கு கமெண்டரி சொன்னவர். அவர் அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அக்காவும் அவர் வீட்டுக்காரர் மோசஸ் அண்ணனும் கல்யாணம், சர்ச் திருவிழா, போனாலு அம்மன் பண்டிகை, பிள்ளையார் சதுர்த்தி எல்லாவற்றுக்கும் மைக் செட் வாடகைக்கு விடும் 'ஸ்டெல்லா சவுண்ட் சர்வீஸ்' நடத்தினார்கள். என் அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அக்கா.

கமெண்டரிக்கு அவர் வந்ததே தற்செயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் பேசுகிறவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அக்கா வழக்கம்போல "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்தார். விசில் ஊதிவிட்டார்கள். அக்கா மைக்கைக் கீழே வைக்கவில்லை. அன்றிலிருந்து கமெண்டரி அவருடையது. அவர் பேசியது எந்த பாஷை என்று கேட்டால் எங்கள் குவார்ட்டர்ஸ் பாஷை என்றுதான் சொல்ல முடியும். தமிழுக்கு நடுவில் 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம். ஒரு சாம்பிள் கேளுங்கள்:

"பாஷா பந்தை எடுத்துட்டுப் போறான், போறான், எங்க போறான்னு அவனுக்கே தெரியல! ஏய் பாஷா, கைக்கு அந்தப் பக்கம் போற? கோல் இந்தப் பக்கம்டா! ஹவ், இப்ப திரும்பிட்டான். அவன் மாமியார் வந்திருக்கா, அதான் பையனுக்குப் பதட்டம்."

பாஷாவின் மாமியார் நிஜமாகவே வந்திருப்பார்.

ஆனால் ஜனம் காத்திருந்தது அதற்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு மேட்சும் ஆரம்பிக்கும் முன் அக்கா எங்கள் டீமின் பதினோரு பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார். சும்மா கடகடவென்று ஒப்பிப்பது கிடையாது. ஒவ்வொரு பெயரையும் ரயில் ஹார்ன் மாதிரி இழுப்பார். ஆன்டனீ, சீனூ, ரஹீம், பெரிய டேவிட், சின்ன டேவிட், கோபால், முனுசாமி, நர்சிங், பாஷா, லாரன்ஸ், கடைசியில் குமா...ர்! குமாரில் வந்து நிற்கும்போது கிரவுண்டே விசிலடிக்கும். குவார்ட்டர்ஸில் எல்லாப் பிள்ளைகளும் அதைச் சொல்லிப் பார்ப்போம். ஸ்கூல் பஸ்ஸிலும் தண்ணீர்க் குழாய் வரிசையிலும் அதே பாட்டுதான். இழுக்காமல் சொன்னால் ஃபவுல்.

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். ஃபைனல். எதிர் டீம் போவன்பள்ளி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்கும் ஹமாலிகள். அவர்கள் கேப்டன் யாதையா. அவர் தோளில் பந்து பட்டால் பந்துக்குத்தான் வலிக்கும் என்று அக்கா சொல்வார். செகண்ட் ஹாஃப் பாதியில் கிரவுண்டு மதிலுக்குப் பின்னால் இருந்த கெமிக்கல் கோடவுனில் தீப்பிடித்தது. முதலில் ஒரு சத்தம். அப்புறம் மதிலைத் தாண்டி மஞ்சளாக ஒரு புகை, மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது.

ஜனம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் மோதிக்கொண்டது. நிறையப் பேர் சின்ன கேட்டை நோக்கி ஓடினார்கள். அந்த கேட் கோடவுன் பக்கம் திறக்கும். அப்போதுதான் ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"சின்ன கேட் ஆஃப்சைடு! சின்ன கேட் ஆஃப்சைடு! பெரிய கேட்டுக்குப் போ! முனியம்மாக்கா, செருப்பை விடு, புதுசு வாங்கித் தரேன், ஓடு! டீமு ரெண்டும் லைனுக்குள்ள போங்கப்பா, கிழவங்க, குழந்தைங்க உள்ள இருக்காங்க. யாதையா, லெஃப்ட் விங், லெஃப்ட் விங்! பச்சைக் கதவு வீடு!"

எங்களுக்குத் தெரிந்த ஒரே வரைபடம் அந்த கிரவுண்டுதான். அவர் அதிலேயே வழி சொன்னார். ஆன்டனி முதல் குமார் வரை எங்கள் டீம் வீட்டு வரிசைகளுக்குள் ஓடியது. ஹமாலிகளும் ஓடினார்கள். அவர்கள் வீடுகள் அங்கே இல்லை. அவர்கள் சொந்தக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. ஆனால் மூட்டை தூக்கத் தெரிந்தவர்கள், மனுஷனையும் தூக்கினார்கள். என்னை யாதையா முட்டைக்கோஸ் மூட்டை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் இருமிக்கொண்டே ஓடினார். என்னை வெளியே போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார்.

அக்கா ஏன் ஓடவில்லை? ஒயர். அந்தக் காலத்து மைக், ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நடக்க முடியும். ஆம்ப்ளிஃபயர் மேஜை மதிலோரமாக இருந்தது, பம்ப் ரூமிலிருந்துதான் கரண்ட் எடுப்பார்கள். மோசஸ் அண்ணன் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரண்ட் போகும் வரைக்கும் நின்றார்கள். புகை முதலில் வந்து சேர்ந்த இடம் அதுதான், கடைசி வரை ஆள் இருந்த இடமும் அதுதான்.

அன்று யாரும் சாகவில்லை. அதுவே பிற்பாடு பெரிய இடைஞ்சலாகிவிட்டது. மறுநாள் பேப்பரில் உயிர்ச்சேதம் இல்லை என்று போட்டார்கள். அக்கா அதை வாசித்துவிட்டு, "மேட்ச் இன்னும் முடியல, அதுக்குள்ள ஸ்கோர் போட்டுட்டானுங்க" என்றார்.

கண் எரிச்சல் ஒரு வாரத்தில் போனது. இருமல் ஒரு மாதத்தில் குறைந்தது. எல்லாரும் மறந்தோம். அடுத்த சீசன் ஆரம்பித்தது. முதல் மேட்சில் அக்கா பெயர்களை இழுக்க ஆரம்பித்தார். சின்ன டேவிட் வரை வந்தது. கோபாலுக்கு முன்னால் மூச்சு உடைந்தது.

கிரவுண்டு சிரித்தது. கோபால் கையை விரித்து, "என் பேருக்கு மட்டும் ஏன்க்கா ரெஸ்ட்?" என்று கத்தினார். அந்த சீசன் முழுக்க அவர் பெயர் மூச்சு கோபால்.

சவுண்ட் சர்வீஸ் வீட்டில் ஒரு கோளாறு வந்தால் யார் மேல் பழி விழும்? மைக் மேல். மோசஸ் அண்ணன் மைக்கில்தான் பிரச்சினை என்று முடிவு கட்டினார். மைக்கை மாற்றினார். அப்புறம் ஒயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி சர்வீஸ் செய்தார். இரண்டு கோன் ஸ்பீக்கர்களையும் இறக்கி, தூசு தட்டி, திசை மாற்றி ஏற்றினார். அந்த சீசன் முழுக்க அவர் கையில் சால்டரிங் இரும்பு இருந்தது. அக்காவும் நம்பினார். "இந்த மைக்கு என் மூச்சைக் குடிக்குது, வேற போடுய்யா" என்பார். புது மைக் வந்தது. அதிலும் கோபாலைத் தாண்டவில்லை. அதற்கடுத்த சீசன் பெரிய டேவிட்டிலேயே நின்றது.

உண்மை எப்படித் தெரிந்தது என்றால், ஆன்டனியால். அவர் எங்கள் கோல்கீப்பர், தொண்டை கிழியக் கத்துகிற ஆள். ஒரு செமிஃபைனலில் அவர் கத்தவே இல்லை, கோல் மேல் கோல் விழுந்தது. அக்கா மைக்கிலேயே, "ஏண்டா ஆன்டனி, வாய்ல கொழுக்கட்டையா?" என்று கேட்டார். ஆன்டனி மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மேஜையிடம் வந்து, "கத்தினா நிக்க முடியல, நின்னா கத்த முடியலக்கா" என்றார்.

அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு மோசஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையில் இருந்த சால்டரிங் இரும்பைப் பார்த்தார்.

"இவனுக்கும் மைக்கு ரிப்பேரா?" என்று அக்கா கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு முன் அக்கா மைக்கை ஜனத்திடம் கொடுத்தார். வரிசையில் நின்று எல்லாரும் பதினோரு பெயரையும் இழுத்துச் சொல்ல வேண்டும். அன்று ஊரில் இல்லாதவர்கள், டியூட்டிக்குப் போயிருந்தவர்கள், ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி பஸ்ஸில் வந்து ஆடிய டீம்காரர்கள் எல்லாரும் குமார் வரை போய் விசில் வாங்கினார்கள். புகையில் நின்றவர்கள் வழியிலேயே நின்றார்கள். ஒருவர் முனுசாமியில், ஒருவர் ரஹீமில். யாதையா தெலுங்குக்காரர், தப்புத் தப்பாக உச்சரித்து ஜனத்தைச் சிரிக்க வைத்துவிட்டு நாலாவது பெயரில் நின்று நெஞ்சைப் பிடித்தார். அப்போது சிரிப்பு நின்றது.

ரஹீம் மட்டும் குமார் வரை வந்துவிட்டார். கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

"சின்ன டேவிட் எங்கடா? கோபால் எங்க? வித்துட்டியா?"

ரஹீம் நடுவில் இரண்டு பெயர்களை முழுங்கியிருந்தார். தலையைச் சொறிந்தார். "மானம் போகுதுக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"நின்னா தப்பில்ல. மூச்சு வாங்கு, தண்ணி குடி, உக்காந்துகூட சொல்லு. ஆனா ஆளை விட்டுட்டுப் போகாத."

இதைப் படிக்கிற கிரவுண்டு ஆட்கள் இப்போது தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். அவர் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

அதன் பிறகு கம்யூனிட்டி ஹாலில் ஒரு மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், இருமல் மருந்து கொடுத்தார்கள். பெரிய டாக்டர் ஒருவர், நகரம் வளர்கிறது, பில்டிங் வேலை நடக்கிறது, எல்லாருக்கும் தூசு அலர்ஜிதான், அந்தத் தீக்கும் இதுக்கும் சம்பந்தம் சொல்ல முடியாது என்று விளக்கினார். அக்கா தன் மைக் செட்டோடு வந்திருந்தார். கேம்புக்கும் மைக் வாடகை அவர்தான்.

"சார், ஒரு சின்ன விளையாட்டு. இந்தப் பதினோரு பேரை என்னை மாதிரி இழுத்துச் சொல்லுங்க."

டாக்டர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஜனம் விசிலடித்தது. அவரும் கையை உயர்த்திக் காட்டினார். அக்கா யாதையாவைக் கூப்பிட்டார். யாதையா சொல்ல ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் பெயர்களை விட அவர் மூச்சு சத்தம்தான் பெரிதாகக் கேட்டது, ரம்பம் அறுக்கிற மாதிரி. நாலாவது பெயரில் நின்றது.

"இது மெடிக்கல் டெஸ்ட் இல்லம்மா" என்றார் டாக்டர்.

"டெஸ்ட் இல்லன்னு எனக்கும் தெரியும் சார். நான் மைக் செட்காரி. டெஸ்ட் உங்ககிட்டதான் இருக்கு. அதை எடுங்கன்னுதான் இவ்ளோ நேரமா கத்தறேன்."

பின்வரிசையில் இருந்த ஒரு இளம் டாக்டர் எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். சுபாஷிணி டாக்டர். அவர் தமிழ் பேசுவார் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் அலைந்து அலைந்து வாங்கிக் கொடுத்ததுதான் சனிக்கிழமை மூச்சு கிளினிக். குழாயில் பலமாக ஊத வேண்டும், நுரையீரல் எவ்வளவு தள்ளுகிறது என்று மெஷின் சொல்லும். முதல் சில வாரங்களிலேயே மெஷின் அக்கா சொன்னதைத்தான் சொன்னது. புகையில் நின்றவர்களின் மூச்சுக் குழாய்கள் உள்ளே தழும்பேறிச் சுருங்கியிருந்தன. வருஷங்கள் கழித்தும் அது ஏறிக்கொண்டே போகலாம், ஆனால் மருந்து எடுத்தால் மெதுவாக்கலாம் என்றார் டாக்டர். மைக் மேல் போட்ட பழியை அன்றுதான் மோசஸ் அண்ணன் வாபஸ் வாங்கினார்.

இங்கேதான் அடுத்த அநியாயம். கிளினிக் குவார்ட்டர்ஸ்வாசிகளுக்கு மட்டும் என்றார்கள். ஹமாலிகள் வெளியாட்களாம். அன்று வந்த தீயணைப்பு வண்டியில் தினக்கூலிக்கு வந்த ஆட்களும் வெளியாட்களாம். யாதையா கேட்டில் நின்று கேட்டார், "புகை கேட்டுகிட்டா உள்ள வந்துச்சு அக்கா?"

அக்கா உள்ளே போனார். டோக்கன் வாங்கினார். முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்டதும் மெஷின் முன்னால் போய் நின்றார். ஊதவில்லை.

"ஊதுங்கம்மா."

"யாதையா ஊதட்டும். அப்புறம் நான்."

"அவர் லிஸ்ட்ல இல்லம்மா. உங்களுக்குத்தான் அவசரம்."

"அப்ப அவசரமா அவனைக் கூப்பிடுங்க."

அடுத்த சனிக்கிழமையும் இதே. அதற்கடுத்ததும். ஊதாமல் மருந்து எழுத முடியாது. சுபாஷிணி டாக்டர் கெஞ்சினார், திட்டினார், ஒரு நாள் கண் கலங்கினார். அக்கா அசையவில்லை. வீட்டில் பெரிய சண்டை. மோசஸ் அண்ணன் தன் இன்ஹேலரை நீட்டுவார்.

"நக்கோய்யா, வேணாம். அது உன் பேர்ல எழுதினது."

"நீ செத்துட்டா கமெண்டரி யாருடி பண்றது?"

"நீ பண்ணு. உனக்கும் வாய் இருக்குன்னு ஊருக்குத் தெரியட்டும்."

நான் அந்த வாசலில்தான் நின்றிருந்தேன். இரண்டு பேரும் மூச்சு வாங்க நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சண்டை போட்டார்கள். ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் காத்திருந்தார்.

அப்போது நான் அக்காவின் பரம ரசிகன் ஆகியிருந்தேன். திருமுல்கேரி நெட் கஃபேயில் உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமல், நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டு இந்த பிளாக்கை ஆரம்பித்திருந்தேன். அக்காவின் கமெண்டரியை ரெக்கார்ட் செய்து போடுவேன். துபாயிலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் ஆட்கள் கேட்டார்கள். எனக்கு ஒரு பிரமாதமான ஐடியா வந்தது. புகைக்கு முன்னால் யாரோ கேசட்டில் பிடித்ததையும் இப்போது நான் பிடித்ததையும் சேர்த்து ஒரு சிடி போட்டு ஆபீஸர்களுக்குக் கொடுத்தால், மூச்சு எப்படிக் குறைந்தது என்று அவர்களே கேட்கலாமே! குதித்துக்கொண்டு ஓடினேன். அக்கா சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய ஸ்டெல்லாவைக் கேட்டு அழறதுக்கா இது? உன் பிளாக்ல போட்டு ஆடு. கிளினிக்குக்கு உயிரோட இருக்கறவனைக் கூட்டிட்டு வா." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, நீ ஊதினியா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் அப்ப சின்னப் பையன்."

"புகை வயசு கேட்டுச்சாடா?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவின் போராட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? ஒரு சனிக்கிழமை ஆன்டனியும் ஊதவில்லை. ரஹீம், கோபால், இரண்டு டேவிட்டும், முனியம்மாக்காவும், கடைசியில் மோசஸ் அண்ணனும் ஊதவில்லை. ஹால் நிறைய ஜனம், கையில் டோக்கன், மெஷின் சும்மா நிற்கிறது. பெரிய அதிகாரி இறங்கி வந்தார்.

"என்ன இது, ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார், லைனப்பு. ஆள் குறையுது. விசில் ஊத முடியாது."

அவர் கோபப்பட்டார், போன் பேசினார், மறுபடி கோபப்பட்டார். இரண்டு வாரம் கழித்து யாதையா உள்ளே வந்து ஊதினார். அவர் பின்னால் ஹமாலிகள், அவர்கள் பின்னால் தினக்கூலி ஆட்கள். அதற்கு அடுத்துதான் அக்கா ஊதினார். சுபாஷிணி டாக்டர் மெஷினில் வந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். அக்காதான் கேட்டார், "என்ன டாக்டர், ஆஃப்சைடா?"

காத்திருந்த அந்த மாதங்கள் அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டன. அதை மறைத்து நான் அவரை தேவதையாக்க மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. ஆனால் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் மைக் பிடித்தார். மூன்று பெயருக்கு ஒரு மூச்சு, அப்புறம் இரண்டு பெயருக்கு ஒரு மூச்சு, கடைசி சீசனில் பெயருக்கொரு மூச்சு. நடுவில் கிரவுண்டு காத்திருக்கும். யாரும் விசிலடிக்க மாட்டார்கள். குமார் வந்ததும் அடிப்பார்கள் பாருங்கள், காது கிழியும். பதினோரு பேரில் ஒருவரைக்கூட அவர் விட்டதில்லை.

புதன்கிழமை கொடுத்த சர்டிபிகேட்டில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நுரையீரல் செய்யாத வேலையையும் சேர்த்து இழுத்து இழுத்துத்தான் இதயம் நின்றது என்று சுபாஷிணி டாக்டர் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார். அதை எழுத்தில் தரவும் தயார் என்றார். சண்டை பாக்கி இருக்கிறது, போடுவோம்.

கல்லறைக்கு வேன் பேசியிருந்தார்கள். யாதையாவும் ஹமாலிகளும் வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றார்கள். "வண்டி ஒத்து" என்றார் யாதையா, வேண்டாம் என்று கையையும் ஆட்டினார். தூக்கினார்கள். தெருமுனை வரை போனார்கள். இறக்கி வைத்தார்கள். குனிந்து மூச்சு வாங்கினார்கள். ஊர்வலம் முழுக்க நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். முனியம்மாக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், ஆட்டோக்காரர் எஞ்சினையே அணைத்துவிட்டார். மறுபடி தூக்கினார்கள். இப்படி நின்று நின்று, யாரையும் தொட விடாமல், கல்லறை வரை அவர்களே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

திரும்பி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை மேட்சைத் தள்ளி வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். ஒரு நிமிஷ மௌனம் வைக்கலாம் என்றார் இன்னொருவர். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த மோசஸ் அண்ணன் தலை நிமிர்ந்தார்.

"அவளுக்கு மௌனமா? மேட்ச் நடக்கும். மைக்கு நான் பிடிக்கறேன்."

"உனக்கும் மூச்சு..." என்று ஆன்டனி ஆரம்பித்தார்.

"வர்ற வரைக்கும் சொல்றேன். அப்புறம் வாங்கிட்டு சொல்றேன்."

இனிமேல்தான் விஷயம். போன மாதம் கிளினிக் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். புதிதாக யாரும் வருவதில்லை, அதனால் மூடப்போகிறார்களாம். மூடினால் யாதையாவுக்கும் மற்றவர்களுக்கும் மருந்து நிற்கும். யார் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நாம்தான். அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள், இன்று மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் சென்னையிலும் ஏசிக்குள் உட்கார்ந்து இருமிவிட்டு ஏசி மேல் பழி போடுகிறவர்கள். மோசஸ் அண்ணன் மைக் மேல் போட்ட அதே பழி. கம்பெனி மெடிக்கலில் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள். மாடிப்படி ஏறாமல் லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள்.

புதன்கிழமை, போனை வைத்த பிறகு, ஆபீஸ் ஜன்னலோரம் நின்று நான் பதினோரு பெயரையும் சொல்லிப் பார்த்தேன். அக்கா மாதிரி இழுத்து. பக்கத்து சீட்டுக்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நர்சிங் வரை வந்தேன். பாஷாவுக்கு முன்னால் உடைந்தது. மறுபடி முயன்றேன். அதே இடம். ஏசிதான் காரணம் என்று ஒரு நொடி நினைத்தேன், பார்த்துக்கொள்ளுங்கள்! அப்புறம் மூச்சு வாங்கினேன். பாஷா, லாரன்ஸ், குமார் என்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கடைசி மூன்று பெயர்களைத்தான். நின்றபின் சொன்ன பெயர்களை.

சனிக்கிழமை காலை கிளினிக் திறக்கும்போது முதல் நாற்காலியில் நான் இருப்பேன். நீங்களும் வாருங்கள். வேலை போகும் என்று பயமாக இருந்தால் என்னோடு சேர்ந்து வந்து பயப்படுங்கள். ஹால் நிறைந்தால் நோட்டீஸைக் கிழித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு கிரவுண்டுக்கு வாருங்கள், தொண்டை இருக்கிறவர்கள் தொண்டையோடும் இல்லாதவர்கள் விசிலோடும். அன்று அங்கே இருந்த யாரையாவது தெரிந்தால் இதை அனுப்புங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் இப்போதே எழுந்து நின்று பதினோரு பெயரையும் இழுத்துச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பெயரில் மூச்சு நிற்கிறதோ அந்தப் பெயரைக் கீழே கமெண்டில் போடுங்கள். வெட்கப்படாதீர்கள், யாரையும் முழுங்காதீர்கள்.

முதல் கமெண்ட் என்னுடையது: பாஷா.